கொடுப்பதற்கென்றே வளர்க்கப்படும் குட்டிகள்

அதிகாலை இரண்டு மணி. வெளியே உறையும் குளிர். அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் விடுதியில், நான்காம் மாடியிலிருந்து ஒரு மாணவி குளிரங்கியைச் சுற்றிக்கொண்டு, நாய்க்குட்டியொன்றை ஏந்தியபடி அவசரமாகக் கீழே இறங்குகிறாள். புல்தரையில் அதை விட்டுவிட்டு ஒரேயொரு சொல்லைச் சொல்கிறாள். குட்டி மோந்து பார்க்கிறது, சுற்றிச் சுற்றி வருகிறது, பின்னர் சிறுநீர் கழிக்கிறது. அவள் அதை மனதாரப் பாராட்டிவிட்டு மீண்டும் மேலே தூக்கிச் செல்கிறாள். காலை எட்டு மணிக்கு அவளுக்கு விரிவுரை இருக்கிறது. குட்டிக்கும்தான்.

இது அங்குள்ள பல பல்கலைக்கழகங்களில் இன்று வழக்கமாகிவிட்ட காட்சி. அந்தக் குட்டி அவளுடைய செல்லப்பிராணியன்று. அதற்குச் சொந்தக்காரர் வேறொரு நிறுவனம். ஓர் ஆண்டோ ஒன்றரை ஆண்டோ அதை வளர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட பின்னரே அவள் அதைப் பெற்றுக்கொண்டாள். திரும்பிச் சென்ற பின்னர் அது பயிற்றப்பட்டு, கண் தெரியாத ஒருவருக்கோ, சக்கர நாற்காலியில் வாழும் ஒருவருக்கோ, வலிப்பு நோயுள்ள ஒரு பிள்ளைக்கோ துணையாகப் போய்ச் சேரும். அத்தகைய நாய்களைச் சேவை நாய்கள் என்கிறார்கள். பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள், அதுவும் படிப்பின் நெருக்கடிக்குள் இருப்பவர்கள், தங்களுக்கென்று எதுவும் மிஞ்சாத இந்த வேலையை ஏன் ஏற்கிறார்கள்? அதை எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் சேவை நாய் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ், ஒருவருடைய இயலாமையோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு வேலையைச் செய்யப் பயிற்றப்பட்ட நாயே சேவை நாய். தெருவைக் கடக்க வழிகாட்டுவது, கீழே விழுந்த சாவியை எடுத்துக் கொடுப்பது, மின்விளக்கின் ஆளியை அழுத்துவது, செவிப்புலனற்றவருக்குக் கதவு மணி அடிப்பதை உணர்த்துவது எல்லாம் அத்தகைய வேலைகள். வெறுமனே மன ஆறுதலுக்காக வைத்திருக்கும் நாய் இந்த வரையறைக்குள் வராது. சேவை நாயுடன் வருபவரைக் கடையிலோ உணவகத்திலோ தடுக்க முடியாது. அது எதற்கான நாய் என்பது பார்த்தவுடன் விளங்காவிட்டால் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்கலாம்: இது உங்கள் இயலாமையின் காரணமாகத் தேவைப்படும் நாயா? என்ன வேலை செய்யப் பயிற்றப்பட்டுள்ளது? அவருடைய நோய் என்னவென்று கேட்பதற்கு யாருக்கும் உரிமையில்லை. நாகரிகமான சட்டம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இந்த நாய்களின் வரலாறு போர்க்களத்திலிருந்து தொடங்குகிறது. முதலாம் உலகப் போரில் விஷவாயுவாலும் குண்டுவெடிப்பாலும் பார்வையிழந்த படைவீரர்களுக்காக, 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் கெர்ஹார்ட் ஸ்டாலிங் என்ற வைத்தியர் வழிகாட்டி நாய்களுக்கான பயிற்சிப் பாடசாலையொன்றை ஆரம்பித்தார். சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த டொரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி ஜெர்மனியின் இந்த முயற்சியைக் கண்டு, 1927 நவம்பரில் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் ஒரு கட்டுரை எழுதினார். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் ஒரு தந்தை அக்கட்டுரையைத் தன் மகனுக்கு வாசித்துக் காட்டினார். மொரிஸ் பிராங்க் என்ற அந்த மகனுக்கு வயது பத்தொன்பது. இரு கண்களும் தெரியாது. வெளியே செல்வதென்றால் யாராவது ஒருவரின் தயவை எதிர்பார்க்க வேண்டும். அவர் உடனே யூஸ்டிஸுக்குக் கடிதம் எழுதினார். 1928இல் கப்பலேறி சுவிற்சர்லாந்து சென்றார். பட்டி என்ற பெண் நாயுடன் திரும்பி வந்தார். நியூயோர்க்கில் பத்திரிகையாளர்கள் பார்த்திருக்க, வாகனங்கள் இரைந்தோடும் ஒரு பெருந்தெருவைப் பட்டியின் துணையோடு கடந்து காட்டினார். வெற்றி என்ற ஒரே சொல்லைத் தந்தியாக யூஸ்டிஸுக்கு அனுப்பினார். மறு ஆண்டு, 1929இல், இருவரும் சேர்ந்து 'சீயிங் ஐ' என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். இன்று நியூஜெர்சி மாநிலத்தின் மொரிஸ்டவுன் நகரில் இயங்கும் அந்நிறுவனம், முதன்முறையாக நாய் பெறும் ஒருவரிடம் வாங்கும் கட்டணம் இன்றும் 150 டொலர்தான். ஒரு நாயை உருவாக்கப் பல பத்தாயிரம் டொலர் செலவாகிறது. மீதியை நன்கொடைகள் ஈடுசெய்கின்றன. அந்த 150 டொலரையும் வாங்காமல் விட்டுவிடலாமே என்று கேட்கலாம். பெறுபவர் அதைப் பிச்சையாகக் கருதாமல் தன் சொந்த நாயென்று நிமிர்ந்து நடக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பயிற்சிப் பாடசாலை இருக்கும்போது குட்டியை ஏன் வெளியே கொடுக்க வேண்டும் என்ற கேள்வி இங்கே எழும். விடை குட்டியின் வயதில் இருக்கிறது. நாய்க்குட்டியின் வாழ்வில் ஏறக்குறைய 3ஆம் வாரத்திலிருந்து 12, 14ஆம் வாரம் வரையான காலம் மிக முக்கியமானது. அந்தக் காலத்தில் எதையெதையெல்லாம் அமைதியாகக் கண்டு பழகுகிறதோ அவற்றை அது வாழ்நாள் முழுதும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். காணாதவற்றைப் பின்னர் கண்டால் மிரளும். மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரிலுள்ள ஜெக்சன் ஆய்வுகூடத்தில் ஸ்கொட், புல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பல்லாண்டு காலம் நாய்களை அவதானித்து இதை விளக்கினர். அவர்களது நூல் 1965இல் வெளிவந்தது. வரிசையான கூடுகளில் அடைபட்டு வளரும் குட்டிக்கு மழைக்குடை விரியும் சத்தம் தெரியாது. தாடி வைத்த மனிதரைத் தெரியாது. ஊன்றுகோலைத் தெரியாது, அழும் குழந்தையைத் தெரியாது. அப்படியொரு நாயை நம்பி ஒரு பார்வையற்றவர் தெருவில் எப்படி இறங்குவார்?

ஆகவே குட்டி எட்டு வாரத்தில் ஒரு வீட்டுக்குப் போகிறது. 'சீயிங் ஐ' 1942 முதல் கிராமப்புறச் சிறுவர் கழகங்களின் வழியாகக் குடும்பங்களிடம் குட்டிகளை ஒப்படைத்து வருகிறது. பல்கலைக்கழகங்கள் இந்தப் பணிக்குள் வந்தது பின்னர்தான். டெக்ஸாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே மாணவர் கழகம் இயங்குகிறது. நியூஜெர்சியின் ரட்கர்ஸ், ஜோர்ஜியா, மேரிலாந்து, டெலவெயார் பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய கழகங்கள் உண்டு. ஒஹாயோவில் 'ஃபோர் போஸ் ஃபோர் எபிலிட்டி' என்ற நிறுவனம் தன் நாய்களை ரைட் ஸ்டேட், மயாமி முதலிய பல்கலைக்கழக மாணவர்களிடம் கொடுத்து விடுதி அறைகளிலேயே வளர்க்கச் செய்கிறது. எல்லா இடத்திலும் விடுதிக்குள் அனுமதி கிடைப்பதில்லை. சில பல்கலைக்கழகங்கள் வெளியே வாடகை வீட்டில் இருக்கும் மாணவர்களுக்கு மட்டுமே இடமளிக்கின்றன. பயிற்சி முடியாத குட்டிக்கு மேற்சொன்ன மத்திய சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி மாறும்.

மேலே சொன்ன ஒஹாயோ நிறுவனத்தின் கதையைச் சொல்லாமல் தாண்டிச் செல்ல மனமில்லை. கேரன் ஷர்க் என்ற பெண் மாணவியாக இருந்த காலத்தில் தசைகளைப் பலவீனமாக்கும் ஒரு நோய் அவரைப் பீடித்தது. மூச்சுவிடவே இயந்திரத்தின் உதவி தேவைப்பட்டது. சேவை நாய் ஒன்றுக்காக விண்ணப்பித்தபோது, இயந்திரத்தின் துணையோடு வாழ்பவருக்கு நாய் தர இயலாதென்று மறுக்கப்பட்டது. அவர் தானே ஒரு அல்சேஷன் நாயைப் பெற்றுப் பயிற்றுவித்துக்கொண்டார். பின்னர், தன்னைப் போல மறுக்கப்பட்டவர்களை நினைத்து 1998இல் அந்நிறுவனத்தை ஆரம்பித்தார். வயது போதாதென்றும் நோய் கடுமையென்றும் வேறிடங்களில் திருப்பியனுப்பப்படும் சிறு பிள்ளைகளுக்கே அது பெரும்பாலும் நாய்களைக் கொடுக்கிறது. ஓட்டிசம் உள்ள பிள்ளை பெற்றோரின் கண்ணில் படாமல் வெளியே ஓடிவிட்டால் மோப்பம் பிடித்துத் தேடிக் கண்டுபிடிக்கவும் அந்த நாய்கள் பழக்கப்படுகின்றன. அப்படியொரு பிள்ளையின் உம்மாவுக்கு அந்த நாய் என்னவாக இருக்கும் என்பதைப் பெற்றோரான வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, விடுதிக்கு வருவோம். நாய் வளர்ப்பதற்கு விடுதியைப் போலப் பொருத்தமற்ற இடம் வேறில்லை என்றுதான் முதலில் தோன்றும். சிறிய அறை. இருவர் தங்குவது. சத்தம். ஓயாத நடமாட்டம். ஆனால் இந்தக் குட்டிக்கு வேண்டியதே அதுதான். காலையில் லிஃப்டில் பன்னிரண்டு பேருடன் நெருக்கியடித்து இறங்குகிறது. பஸ்ஸில் கதிரைக்கு அடியில் படுக்கிறது. இருநூறு பேர் அமர்ந்திருக்கும் விரிவுரை மண்டபத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கப் பழகுகிறது. சாப்பாட்டு மண்டபத்தில் மேசைக்குக் கீழே கிடக்கும் கோழித் துண்டைக் கண்டும் காணாமல் படுத்திருக்கக் கற்றுக்கொள்கிறது. தீ அபாய மணி எதிர்பாராமல் அலறுகிறது. விளையாட்டரங்கில் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். பல நாட்டு முகங்கள், தொப்பிகள், பர்தாக்கள், சைக்கிள்கள், தள்ளுவண்டிகள். அமைதியான ஒரு வீட்டில் ஓராண்டில் கிடைக்காத அனுபவம் அதற்கு இங்கே ஒரே வாரத்தில் கிடைத்துவிடுகிறது.

மாணவியின் வேலை குட்டிக்கு வித்தைகள் கற்பிப்பதன்று. இதைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். தெருவைக் கடப்பதும் விளக்கைப் போடுவதும் பின்னர் தொழில்முறைப் பயிற்றுநர்கள் சொல்லிக்கொடுப்பவை. அதற்கு நான்கு முதல் ஆறு மாதம் எடுக்கும். மாணவி செய்வது அதற்கான அத்திபாரம். உட்கார், இரு, வா, விடு போன்ற சில கட்டளைகள், ஒழுங்கான மலசலப் பழக்கம், எதையும் கடிக்காமை, எவர் மீதும் தாவாமை, தனியே விடப்பட்டாலும் குரைக்காமல் இருத்தல். இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பயமின்மை. கேட்பதற்கு எளிது. செய்வது அப்படியல்ல.

மலசல விடயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொள்ள இயலாது. அதனால்தான் அந்த அதிகாலைப் பயணம். கட்டளைச் சொல்லைக் கேட்டதும் கழிக்கப் பழக்குவதும் வெறும் வசதிக்காக அன்று. நாளை அந்த நாயின் பின்னால் நடக்கப்போகிறவர் கண் தெரியாதவர். நாய் எப்போது, எங்கே கழிக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும், அவரே அதைக் கூட்டி அள்ள வேண்டும். அங்காடியின் நடுவில் நாய் அசிங்கப்படுத்தினால் அவமானம் அவருக்குத்தான். இந்தச் சின்னஞ்சிறு பழக்கத்தில் ஒரு மனிதரின் மானம் தங்கியிருக்கிறது. இதே காரணத்துக்காகவே குட்டிக்கு மேசையிலிருந்து ஒரு துண்டு ரொட்டியும் கொடுக்கக்கூடாது. கொடுத்துப் பழக்கிவிட்டால் நாளை உணவகத்தில் அது அடுத்தவரின் தட்டை நோக்கித் தன் எசமானரை இழுத்துக்கொண்டு போகும்.

வெளியே செல்லும்போது குட்டிக்கு ஒரு மேற்சட்டை அணிவிக்கிறார்கள். 1975இல் கலிபோர்னியாவின் சாண்டா ரோசா நகரில் தொடங்கப்பட்ட 'கெனைன் கம்பானியன்ஸ்' நிறுவனத்தில் குட்டிகளுக்கு மஞ்சள் நிறம், பயிற்சி முடித்த நாய்களுக்கு நீல நிறம். மேற்சட்டை அணிந்திருக்கும் வேளையில் நாய் வேலையில் இருக்கிறது, கேளாமல் யாரும் தடவக்கூடாது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் உலவும் வளாகத்தில் ஓர் அழகிய லெப்ரடோர் குட்டியோடு நடப்பவளுக்கு இது எத்தகைய தொல்லை என்று ஊகித்துக்கொள்ளலாம். பத்து நிமிடத்தில் போய்ச் சேரும் வகுப்புக்கு முப்பது நிமிடம் முன்னதாகவே கிளம்ப வேண்டும். தடவ வேண்டாம் என்று நூறு தடவை, சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும்.

அறைத் தோழியின் சம்மதம் இல்லாமல் எந்தக் கழகமும் குட்டியைத் தருவதில்லை, தரவும் கூடாது. ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள், பயமுள்ளவர்கள் இருப்பார்கள், மார்க்கக் காரணத்தால் விரும்பாதவர்கள் இருப்பார்கள். அவர்களது உரிமையும் உரிமைதான். கழகங்கள் இன்னொரு நல்ல ஏற்பாட்டையும் வைத்திருக்கின்றன. குட்டி வேண்டுமென்று கேட்டவுடன் யாருக்கும் கொடுப்பதில்லை. முதலில் கூட்டங்களுக்கு வர வேண்டும். பின்னர் பிறர் வளர்க்கும் குட்டியைச் சில மணி நேரம், சில நாட்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பரீட்சை நாளிலோ சுகவீனத்திலோ வளர்ப்பவளுக்குக் கைகொடுப்பவர்களும் இவர்களே. குட்டியின் அழகில் மயங்கி வந்தவர்கள் இந்தக் கட்டத்திலேயே விலகிவிடுகிறார்கள். விலகுவது நல்லது. அதிகாலை இரண்டு மணிக்கு எழும்ப முடியாதவள் முடியாதென்று சொல்லிவிடுவது குட்டிக்கும் நன்மை, அதை எதிர்பார்த்துக் காத்திருக்கும் மனிதருக்கும் நன்மை. படம் எடுத்துப் போடுவதற்காகக் குட்டி வளர்ப்பவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

இவ்விடத்தில் நம் வாசகியரின் மனதில் எழும் கேள்வியைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. நாம் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் சமூகம். நம் மத்ஹபில் நாய் கடுமையான நஜீஸ். ஈரத்தோடு அது பட்ட இடத்தை ஏழு தடவை, அவற்றில் ஒரு தடவை மண் கலந்து, கழுவ வேண்டும். மாலிக்கி மத்ஹபின் கருத்து வேறு. உயிருள்ள நாய் தூய்மையானதே என்பது அவர்களது நிலைப்பாடு. ஹனபி மத்ஹபில் அதன் உமிழ்நீரே அசுத்தமாகக் கொள்ளப்படுகிறது. அவசியமின்றி நாய் வளர்ப்பதை ஹதீஸ்கள் கண்டிக்கின்றன. அதே ஹதீஸ்கள் வேட்டைக்கும் மந்தைக்கும் பயிர் நிலத்துக்குமான நாய்களுக்கு விலக்களிக்கின்றன. பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ணும் அனுமதி ஸூரா அல்மாஇதாவில் வருகிறது. குகைத் தோழர்களின் வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயை ஸூரா அல்கஹ்ஃபில் ஓதாத பிள்ளை நம்மிடையே இல்லை. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவருடைய பாவம் மன்னிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். நஜீஸ் என்பது சுத்தத்தைப் பற்றிய சட்டம், வெறுப்பதற்கான கட்டளையன்று. இந்த இரண்டையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு.

முஸ்லிம்கள் வாழும் வேறு நாடுகளில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், பார்வையற்ற ஒரு முஸ்லிம் இளைஞர் தன் வழிகாட்டி நாயுடன் தனியே பள்ளிவாசலுக்குப் போய்த் தொழ விரும்பினார். 2008இல் அந்நாட்டு ஷரீஆ சபை அதை அனுமதித்துத் தீர்ப்பளித்தது. நாய் தொழுகை மண்டபத்துக்குள் வராது. நுழைவாயிலுக்கு அருகே அதற்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. சுத்தத்தின் சட்டமும் காக்கப்பட்டது, அந்த இளைஞரின் ஜமாஅத்தும் தவறவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மற்றொரு வழி கண்டார்கள். அங்கு ஒரு பார்வையற்ற முஸ்லிம் பெண்ணின் பெற்றோர் மார்க்கப் பேணுதலால் வீட்டுக்குள் நாயை விரும்பவில்லை. பெற்றோரின் மனம் நோகாமல், தானும் முடங்கிக் கிடக்காமல், அவர் 2009இல் வழிகாட்டப் பயிற்றப்பட்ட ஒரு குட்டைக் குதிரையைப் பெற்றுக்கொண்டார். ஆம், குதிரைதான். பெரிய நாயளவு உயரமே இருக்கும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. 2011இல் நடைமுறைக்கு வந்த திருத்திய விதிகளில், சேவைப் பிராணி என்றால் நாய்தான் என்று வரையறுத்த அமெரிக்க அரசு, குட்டைக் குதிரைக்கு மட்டும் தனியாக ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்தது.

மீண்டும் குட்டிக்கு வருவோம். அதற்குள் அது வளர்ந்து முப்பது கிலோ நாயாகிவிட்டது. மாணவிக்குப் பட்டமளிப்பு நெருங்குகிறது. ஒருநாள் நிறுவனத்திலிருந்து அழைப்பு வருகிறது. திருப்பிக் கொடுக்கும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது.

குட்டி வளர்ப்போர் எல்லோரும் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. எப்படித்தான் கொடுக்க மனம் வருகிறது உங்களுக்கு? சிலருக்கு இந்தக் கேள்வியே எரிச்சல். நாயின் மீது பாசமில்லாதவள் என்று மறைமுகமாகச் சொல்வது போல இருக்கிறது. உண்மை நேர்மாறானது. பாசம் வைத்து வளர்த்தால் மட்டுமே அந்த நாய் மனிதரை நம்பும். மனிதரை நம்பும் நாயே நாளை இன்னொரு மனிதரின் உயிருக்குப் பொறுப்பேற்கும். ஆகவே மனதைப் பாதியாக வைத்துக்கொண்டு, பிரியத்தானே போகிறோம் என்று ஒதுங்கி நின்று வளர்ப்பதில் பயனில்லை. முழுதாக நேசிக்கவும் வேண்டும், முழுதாகக் கொடுக்கவும் வேண்டும். மகளை மணமுடித்துக் கொடுத்த உம்மாமாருக்கு இது புதிய செய்தியாக இருக்காது. ஆனால் இங்கே அதைச் செய்பவள் இன்னும் பட்டம் வாங்காத ஒரு பிள்ளை.

திரும்பிப் போகும் நாய்கள் எல்லாம் சேவைக்குத் தேறுவதுமில்லை. வளர்க்கப்படுபவற்றில் ஏறத்தாழ பாதி விலக்கப்படுகின்றன என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இடுப்பெலும்பில் ஒரு குறை, இடியோசைக்குப் பயம், அணிலைக் கண்டால் அடங்காத ஆவல், ஏதோ ஒன்று. விலக்கப்படும் நாய் வேறு பணிக்குப் போகலாம். இல்லையேல் வளர்த்தவரிடமே வீட்டு நாயாக வைத்துக்கொள்ள விருப்பமா என்று கேட்கிறார்கள். ஒன்றரை ஆண்டு உழைப்பு வீணாயிற்றே என்ற கவலையும், தன் நாய் தன்னிடமே வந்துவிட்டதே என்ற மகிழ்ச்சியும் ஒரே நேரத்தில் அவளை ஆட்கொள்ளும்.

தேறிய நாய் கற்றுக்கொள்ளும் பாடங்களுள் ஒன்று வியப்பானது. கீழ்ப்படியாமை. தெருவிளக்கின் சிவப்பையும் பச்சையையும் நாய் பார்த்து முடிவெடுப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. வாகனங்களின் ஓசையைக் கேட்டு, எப்போது கடப்பது என்று தீர்மானிப்பவர் பார்வையற்றவரே. அவர் முன்னே போ என்கிறார். அந்த வேளையில், அவர் காதுக்கு எட்டாத ஒரு கார் வளைவில் திரும்பி வந்தால், நாய் அசையாது. மீண்டும் கட்டளையிட்டாலும் அசையாது. பதினெட்டு மாதம் சொல்கேட்கப் பழக்கப்பட்ட பிராணி, சரியான ஒரு கணத்தில் சொல் கேளாமல் நிற்க வேண்டும். அதற்கான துணிவு பயிற்சிப் பாடசாலையில் மட்டும் வந்துவிடுவதில்லை. லிஃப்டிலும் பஸ்ஸிலும் அலறும் மணிக்கு நடுவிலும் பதறாமல் இருக்கப் பழகிய நாளிலிருந்தே அது சேர்ந்து வருகிறது.

நாயைப் பெறவிருப்பவர் நிறுவனத்துக்கு வந்து சில வாரங்கள் தங்கி, தனக்கு ஒதுக்கப்பட்ட நாயோடு பழகுகிறார். இங்கே நிறுவனங்களின் வழமை வேறுபடுகிறது. 'கெனைன் கம்பானியன்ஸ்' நடத்தும் பட்டமளிப்பு வைபவத்தில், குட்டியை வளர்த்தவர் மேடையேறி, நாயின் வாரைப் புதிய எசமானரின் கையில் தானே கொடுக்கிறார். 'சீயிங் ஐ' நிறுவனத்தின் வழமை அப்படியல்ல. அங்கே நாய் இன்னொருவருக்கு ஒப்படைக்கப்படுவதற்கு முன், பயிற்சியின் இறுதிக் கட்டத்தில், வளர்த்தவர் மொரிஸ்டவுன் நகருக்கு அழைக்கப்படுகிறார். நாய் பயிற்றுநரைக் கூட்டிக்கொண்டு கடைத்தெரு வழியே நடக்கும். தடைகளைச் சுற்றிச் செல்லும், ஒவ்வொரு நடைபாதை விளிம்பிலும் நிற்கும், தெருக்களைக் கடக்கும். வளர்த்தவள் அதைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். ஆனால் நாயின் கண்ணில் பட்டுவிடக்கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. குரல் கேட்டால் அது திரும்பிவிடும், வேலை குழம்பிவிடும். ஆகவே அவள் நல்ல தூரம் விட்டு, வாயை மூடிக்கொண்டு, தெருவின் மறுபக்கமாக நடக்கிறாள்.